புதிய நகரங்களின் தாக்கத்தை ஆராய எந்த நகரை எடுக்கலாம்? அமராவதி, நவி மும்பை, புத்ராஜெயா, நுசந்தாரா ஓர் ஒப்பீடு

திட்டமிட்டுக் கட்டப்படும் ஒரு புதிய நகரம் அங்கே ஏற்கனவே வாழ்ந்தவர்களை என்ன செய்கிறது, அந்த மண்ணையும் நீரையும் என்ன செய்கிறது என்று ஆராய நினைக்கிறீர்கள். கையில் இரண்டு வருடம் இருக்கிறது. பணம் கொஞ்சம்தான். ஆட்கள் ஒருவரோ இருவரோ. எந்த நகரத்தை எடுப்பது? ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள், தொடர் கட்டுரை எழுத நினைக்கும் பத்திரிகையாளர்கள், நிலம் எடுக்கப்படும் பகுதிகளில் வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தினர் எல்லோரும் முதலில் வந்து நிற்கும் இடம் இதுதான். பெரும்பாலும் அந்த வருடம் செய்தியில் அதிகம் அடிபடும் நகரத்தையே எடுத்துவிடுகிறார்கள். பல நேரங்களில் அது அவர்களுடைய கேள்விக்குப் பொருந்துவதில்லை.

இரண்டு விஷயங்களை வைத்துத்தான் நான் இந்த நான்கு நகரங்களையும் எடைபோடுகிறேன்.

முதலாவது காலம். நகரம் வரப்போகிறது என்று அறிவித்த வாரமே நிலத்தின் விலை ஏறிவிடும். வயல் வேலை ஓரிரு வருடத்தில் குறையும். அரசு கொடுக்கும் உதவித்தொகை நிற்கும்போதுதான் ஒரு குடும்பத்தின் உண்மையான நிலை வெளியே தெரியும். தண்ணீரும் மண்ணும் பதில் சொல்ல இருபது முப்பது வருடம் ஆகும். சண்டிகர் நகரத்துக்காக 1958இல் ஒரு ஓடையை மறித்துச் சுக்னா ஏரியைக் கட்டினார்கள். சிவாலிக் குன்றுகளிலிருந்து வந்த வண்டல் படிந்து ஏரியின் கொள்ளளவு குறைந்துகொண்டே போனது. வண்டலைத் தடுக்க மேலே காடு வளர்த்து, தடுப்பணைகள் கட்டினார்கள். அப்புறம் ஏரிக்கு வரும் தண்ணீரே போதவில்லை என்ற புகார் வந்தது. ஏரி கட்டி ஐந்தாவது வருடத்தில் ஆராய்ந்தவருக்கு இதில் பாதி கூடத் தெரிந்திருக்காது.

இரண்டாவது பட்டியல். அரசிடம் இருக்கும் ‘பாதிக்கப்பட்டோர்’ பட்டியல் பெரும்பாலும் நிலத்தின் சொந்தக்காரர்கள் பட்டியலாகத்தான் இருக்கும். குத்தகைக்கு உழுதவர், களை எடுத்தவர், கழிமுகத்தில் நண்டு பிடித்தவர், ஆடு மேய்த்தவர் அதில் வரமாட்டார்கள். அந்தப் பட்டியலை வைத்து மாதிரி எடுத்துக் கணக்கெடுப்பு நடத்தினால், எவ்வளவு நேர்மையாக நடத்தினாலும் பாதிப்பு குறைவாகவே தெரியும். எந்த நகரத்தில் இந்தப் பட்டியலுக்கு வெளியே இருப்பவர்களை உங்களால் தேடிக் கண்டுபிடிக்க முடியும் என்பதுதான் என் கணிப்பில் மிக முக்கியமான கேள்வி.

அமராவதி: நின்று, மறுபடி தொடங்கிய நகரம்

2014இல் ஆந்திரம் பிரிந்தபோது புதிய தலைநகர் எங்கே என்று பரிந்துரைக்க மத்திய அரசு கே.சி. சிவராமகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழு அமைத்தது. விஜயவாடா, குண்டூர் பகுதியில் ஒரே பெரிய தலைநகரைக் கொண்டு வைத்தால் நல்ல விளைநிலம் போய்விடும், அலுவலகங்களைப் பல ஊர்களில் பரவலாக வைக்கலாம் என்பது அந்தக் குழுவின் கருத்து. மாநில அரசு கிருஷ்ணா ஆற்றின் தென்கரையில், துள்ளூர் வட்டாரத்தில் 217 சதுர கிலோமீட்டரைத் தேர்ந்தெடுத்தது. 2015 அக்டோபரில் அடிக்கல் நாட்டப்பட்டது.

நிலத்தை வழக்கமான முறையில் கையகப்படுத்தாமல், ‘லேண்ட் பூலிங்’ என்று விவசாயிகளிடமிருந்து திரட்டினார்கள். சுமார் 29,000 விவசாயிகள் கிட்டத்தட்ட 34,000 ஏக்கர் கொடுத்தார்கள். சராசரி போட்டுப் பாருங்கள்: ஒருவருக்கு ஒரு ஏக்கரும் கொஞ்சமும். இவர்கள் பெருநிலக்காரர்கள் இல்லை. கொடுத்த ஒரு ஏக்கர் புஞ்சைக்கு நகரம் உருவான பிறகு 1,000 சதுர கஜம் குடியிருப்பு மனையும் 250 சதுர கஜம் வணிக மனையும் திரும்ப வரும். அதுவரை பத்து வருடத்துக்கு ஆண்டுத்தொகை, முதல் வருடம் ஏக்கருக்கு 30,000 ரூபாய். ஆற்றை ஒட்டிய ஜரீபு நிலத்துக்கு வணிக மனை 450 சதுர கஜம், ஆண்டுத்தொகை 50,000 ரூபாய். நிலமில்லாத குடும்பத்துக்குத் தொடக்கத்தில் மாதம் 2,500 ரூபாய் உதவித்தொகை.

இந்த ஜரீபு நிலத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பாதிப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்பது இங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. ஆற்றோர வண்டல், கை எட்டும் ஆழத்தில் நிலத்தடி நீர். வாழை, மஞ்சள், காய்கறி, பூ என்று வருடம் முழுக்க ஏதாவது ஒன்று விளையும். பருத்தி போட்ட புஞ்சையில் விதைக்கும்போதும் எடுக்கும்போதும்தான் ஆள் தேவை. மல்லிகைத் தோட்டத்திலும் காய்கறிப் பாத்தியிலும் தினமும் வேலை உண்டு, அதிலும் பெண்களுக்கு. ஆகவே ஒரு ஏக்கர் ஜரீபு போனால் சொந்தக்காரருக்கு ஆண்டுத்தொகை வருகிறது, அந்த ஏக்கரை நம்பிப் பிழைத்த பெண்ணுக்குப் போனது வருடம் முழுவதற்குமான வேலை. 2,500 ரூபாயை அன்றைய நாள் கூலியால் வகுத்தால் எத்தனை நாள் வேலைக்கு அது ஈடு என்று வரும். ‘முன்பு மாதத்தில் எத்தனை நாள் வேலைக்குப் போனீர்கள், இப்போது எத்தனை நாள், எவ்வளவு தூரம் போகிறீர்கள், ஆட்டோவுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்’ என்று வீடு வீடாகக் கேட்டு, அந்த எண்ணையும் இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்தாலே ஆய்வின் பாதி வந்துவிடும். உண்டவல்லி, பெனுமாக்க போன்ற ஊர்களில் விவசாயிகள் நிலத்தைக் கொடுக்க மறுத்து நின்றதற்கும் இந்த விளைச்சல்தான் காரணம். அந்த ஊர்கள் ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவும்.

அமராவதியை மற்ற நகரங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது 2019க்குப் பிறகு நடந்தது. ஆட்சி மாறியது. உலக வங்கிக் கடனுக்கான கோரிக்கை திரும்பப் பெறப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் தலைநகரை மூன்று ஊர்களுக்குப் பிரித்து வைக்கும் யோசனை வந்தது. வேலை நின்றது. நிலம் கொடுத்தவர்கள், பெண்கள் முன்வரிசையில், வருடக்கணக்கில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். 2021இல் துள்ளூரிலிருந்து திருப்பதி வரை நடந்தே போனார்கள். 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் பயிர் விளைந்த நிலத்தில் சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. 2024இல் மறுபடி ஆட்சி மாறி, அந்த ஆண்டு டிசம்பரிலேயே உலக வங்கி 80 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. 2025 மே மாதம் வேலைகள் மறுபடி தொடங்கி வைக்கப்பட்டன. இரண்டாம் கட்டமாக மேலும் நிலம் திரட்டும் திட்டமும் அதே ஆண்டில் வந்தது.

ஆய்வு செய்பவருக்கு இது வேறெங்கும் கிடைக்காத வாய்ப்பு. நகரம் கட்டியதால் வந்த பாதிப்பு எது, கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கட்டாமல் விட்டதால் வந்த பாதிப்பு எது என்று பிரித்துப் பார்க்கலாம். இரண்டாவது வகைப் பாதிப்பைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. இந்த நாட்டில் அறிவித்து அரைகுறையாக நிற்கும் திட்டங்கள் எத்தனையோ இருப்பதால், அதை யாராவது ஒழுங்காக எழுதியே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். முதல் கட்ட கிராமத்தையும் இரண்டாம் கட்டத்துக்குக் குறிக்கப்பட்ட கிராமத்தையும் ஒரே நேரத்தில் எடுத்தால், பாதிப்புக்கு முந்திய நிலையும் பத்தாண்டுக்குப் பிந்திய நிலையும் ஒரே வட்டாரத்தில் கிடைத்துவிடும்.

சுற்றுச்சூழல் பக்கமும் ஆவணம் நிறையவே இருக்கிறது. கொண்டவீட்டி வாகு என்ற ஓடை நகரப் பரப்பின் குறுக்கே ஓடி, மழைக்காலத்தில் வயல்களை மூழ்கடித்துவிட்டுத்தான் கிருஷ்ணாவில் சேரும். வெள்ளப் படுகையில் நகரமா என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடந்தது. 2017 நவம்பரில் தீர்ப்பாயம் நிபந்தனைகளோடு அனுமதித்தது. 2024 செப்டம்பரில் பிரகாசம் அணை வழியாக விநாடிக்கு 11 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனது. வெள்ள வடிகால் திட்டம் என்ன சொன்னது, நடந்தது என்ன என்று அந்த வாரத்துச் செயற்கைக்கோள் படங்களை வைத்தே ஒப்பிடலாம்.

குறை இருக்கிறது. அரசியல் சூடு தணியவில்லை. யார் எந்தக் கட்சி, எந்தச் சாதி என்பது பதிலில் கலந்தே வரும். வருடக்கணக்கில் நிருபர்களிடம் பேசிப் பழகியவர்கள் அதே பேச்சைத்தான் உங்களிடமும் பேசுவார்கள். தெலுங்கு தெரியாமல் போனால் மொழிபெயர்ப்பாளர் வழியாக வருவது நில உரிமையாளரின் குரலாக மட்டுமே இருக்கும், ஏனென்றால் மொழிபெயர்ப்பாளரை அறிமுகப்படுத்துபவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

நவி மும்பை: பதில் வந்துவிட்ட நகரம்

விளைவைப் பார்க்க வேண்டுமென்றால் நவி மும்பைக்கு ஈடு இந்தியாவில் வேறில்லை. 1960களின் நடுவில் கட்டடக் கலைஞர்கள் சார்லஸ் கொரியா, ப்ரவீணா மேத்தா, பொறியாளர் சிரிஷ் படேல் மூவரும் முன்வைத்த யோசனை. 1970இல் நகரைக் கட்ட மகாராஷ்டிர அரசின் சிட்கோ நிறுவனம் தொடங்கப்பட்டது. 95 கிராமங்களின் நிலம், சுமார் 344 சதுர கிலோமீட்டர். நெல் வயல், உப்பளம், அலையாத்திக் காடு, கழிமுகம். அங்கே வாழ்ந்தவர்கள் ஆக்ரி, கோலி சமூகத்தவர்கள்.

இழப்பீடு போதாது என்று எழுந்த போராட்டத்தில் 1984 ஜனவரியில் போலீஸ் சுட்டு ஐந்து பேர் இறந்தார்கள். தி.பா. பாட்டீல் முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் விளைவாக வந்ததுதான் 12.5 சதவீதத் திட்டம்: எடுத்த நிலத்தில் எட்டில் ஒரு பங்கை மேம்படுத்திய மனையாகத் திருப்பித் தருவது. அதிலும் 3.75 சதவீதத்தைப் பொது வசதிகளுக்கென்று கழித்துக்கொண்டதால் கைக்கு வந்தது 8.75. இந்தியாவில் பின்னால் வந்த பல நிலப் பங்குத் திட்டங்களைப் பேசும்போது இந்தத் திட்டத்தைத் தொடாமல் பேச முடியாது. அமராவதியின் மனைக் கணக்கைப் படிக்கும் முன் இதைப் படித்துவிடுவது நல்லது. இன்று அங்கே இறங்கினால் அந்த மனைகள் யார் பெயருக்கு மாறின, எப்போது, என்ன விலைக்கு என்று தேடலாம். மனை வருவதற்கு முன்பே அதற்கான உரிமையைக் கட்டுமானக்காரரிடம் விற்ற குடும்பமும் உண்டு, வைத்திருந்து அடுக்குமாடி கட்டி வாடகையில் நிமிர்ந்த குடும்பமும் உண்டு. எது அதிகம் என்பதைக் கண்டுபிடித்தால் அது உங்கள் ஆய்வின் பலமான பகுதியாக அமையும். ஆனால் பங்கு நிலத்தைத் தொடர்ந்துதான் வரும். பெயரில் நிலம் இல்லாத உப்பளத் தொழிலாளிக்கும், கழிமுகத்தையே நம்பியிருந்த மீனவருக்கும் எட்டில் ஒரு பங்கு என்பது பூஜ்யத்தில் எட்டில் ஒரு பங்குதான்.

இதையும் சொல்லியாக வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கில் நவி மும்பை மாநகராட்சியில் மட்டும் 11 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வசித்தார்கள். மும்பையின் நெருக்கடியிலிருந்து வெளியே வந்து, ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் ஒரு வீடு பார்த்துக்கொண்ட நடுத்தரக் குடும்பங்கள் இவர்களில் ஏராளம். அவர்களுக்கு அந்த நகரம் கொடுத்ததைக் கணக்கில் எடுக்காத ஆய்வு முழு ஆய்வாகாது. நகரம் வராமல் இருந்திருந்தால் அந்த மக்கள் எங்கே போயிருப்பார்கள் என்ற கேள்வியையும் கூடவே கேட்க வேண்டும்.

சூழலியலில் எனக்கு மிகப் பிடித்த உதாரணம் இந்த நகரத்தின் மழைநீர்க் குளங்கள். கழிமுகத்தை ஒட்டிய தாழ்வான நிலத்தை மேடாக்கிக் கட்டியதால், கடல் ஏறியிருக்கும் நேரத்தில் மழை கொட்டினால் தண்ணீர் வடிய வழியில்லை. அதற்காகப் பெரிய குளங்களை வெட்டினார்கள். ஓதம் ஏறும்போது கதவு மூடும், மழைநீர் குளத்தில் தங்கும், ஓதம் இறங்கியதும் கதவு திறந்து தண்ணீர் வெளியேறும். நல்ல யோசனை. ஆனால் வருடா வருடம் சேறு படிந்தது. தூர் வாரவில்லை. சேற்றில் அலையாத்தி முளைத்து மரமாக நின்றது. அலையாத்தியை வெட்ட நீதிமன்றத் தடை இருக்கிறது. இப்போது தூர் வாரினால் மரம் போகும், வாராவிட்டால் தெருவில் தண்ணீர் நிற்கும். இயற்கையை அழித்துக் கட்டியது, அப்புறம் அதே இயற்கை நகரத்தின் இயந்திரத்துக்குள்ளேயே திரும்பி வந்து குடியேறியது. எந்தச் சுற்றுச்சூழல் அறிக்கையும் இதை முன்கூட்டி எழுதியிருக்க முடியாது. முப்பது நாற்பது வருடம் போன நகரத்தில்தான் இது கண்ணுக்குத் தெரியும்.

அதற்கான விலை என்னவென்றால், ‘முன்பு எப்படி இருந்தது’ என்பதை நேரில் சொல்லக்கூடியவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். ஆனாலும் வழி இருக்கிறது. 1961, 1971 மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடுகளில் கிராமவாரியாகச் சாகுபடியாளர் எத்தனை, விவசாயக் கூலிகள் எத்தனை என்று இருக்கும். பட்டியலில் விடுபட்டவர்கள் எவ்வளவு பேர் என்பதைக் கணக்கிட இதைவிட நேரடியான ஆதாரம் இல்லை. பழைய நில அளவை வரைபடங்களில் உப்பளத்தின் வரப்பு வரை தெரியும்.

புத்ராஜெயா: தமிழ் தெரிந்தவருக்கு மட்டும் திறக்கும் கதவு

மலேசியாவின் நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயா நிற்கும் இடத்தில் முன்பு பெராங் பெசார் ரப்பர் தோட்டமும் அதை ஒட்டிய தோட்டங்களும் இருந்தன. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921இல் தொடங்கிய தோட்டம் அது. இலங்கையிலும் கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் ரப்பர் வைத்தவர்களுக்கு பி.பி. 86 என்ற ரகம் தெரிந்திருக்கும். அந்த பி.பி. என்பது இந்தத் தோட்டத்தின் பெயர்தான். அங்கே பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

1995இல் நகர வேலை தொடங்கியது. 1999இல் பிரதமர் அலுவலகம் அங்கே வந்தது. தோட்டக் குடும்பங்களை டெங்கில் அருகே தாமான் பெர்மாத்தா என்ற இடத்தில் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். அந்தக் கட்டடங்களில் விரிசல் விழுந்ததும், தரைவீடு கேட்டு அவர்கள் பல ஆண்டுகள் அலைந்ததும் மலேசியத் தமிழ்ப் பத்திரிகைகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரிந்த செய்தி.

தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே கையில் இருக்கும். வேலை போனால் வீடும் போகும். நிலம் அவர்கள் பெயரில் ஒரு துண்டும் கிடையாது. அப்படியென்றால் நிலப் பங்கு, மனை, ஆண்டுத்தொகை என்ற பேச்சே எழாது. பெரும்பாலும் நிலமில்லாதவர்களே பாதிக்கப்பட்ட ஒரு நகரம் இது. பட்டியலுக்கு வெளியே இருப்பவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை, ஒரே குடியிருப்பில் இருக்கிறார்கள். பெயர்ந்து வந்த தலைமுறை, அடுக்குமாடியிலேயே வளர்ந்த தலைமுறை இரண்டும் இன்னும் பேசக் கிடைக்கும். தோட்டத்து லயத்தில் மாடு, கோழி, கீரைப்பாத்தி இருந்ததையும், மாடி வீட்டில் அது இல்லாமல் போனதால் மாதச் செலவு எப்படி மாறியது என்பதையும் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். இவ்வளவு சின்ன, இவ்வளவு தெளிவான ஒரு களம் தமிழ் ஆய்வாளர்களின் கண்ணில் படாமல் இருப்பது எனக்கு வருத்தமான விஷயம்.

சூழலைப் பொறுத்தவரை அங்கே பேச வேண்டியது ஏரி. சுவாவ் ஆற்றை மறித்து சுமார் 400 ஹெக்டேரில் ஏரி. அதற்கு முன்னால் தண்ணீரை வடிகட்ட 24 பாத்திகள் கொண்ட செயற்கைச் சதுப்பு நிலம். நல்ல வேலைப்பாடு, உலக அளவில் பேசப்பட்டதும்கூட. மேலே இருந்து வரும் தண்ணீர் நகர எல்லைக்கு வெளியிலிருந்தும் வருவதால், எல்லைக்குள் எவ்வளவு ஒழுங்காக வைத்தாலும் ஏரியின் தரம் அடுத்தவர் கையில் இருக்கிறது. சமூகக் கேள்வியோடு இதையும் சேர்த்து இழுத்தால் தனி ஆளுக்குத் தாங்காது. ஏதாவது ஒன்றை எடுங்கள்.

நுசந்தாரா: இப்போது அவசரப்பட வேண்டாம்

இந்தோனேசியா 2019இல் அறிவித்து, 2022இல் சட்டம் போட்டு, கிழக்குக் காளிமந்தானில் கட்டிவரும் தலைநகர். மொத்த நிலப்பரப்பு இரண்டரை லட்சம் ஹெக்டேருக்கு மேல். நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி ஜகார்த்தா புதைந்துகொண்டிருக்கிறது என்பது இடம் மாற்றச் சொன்ன காரணங்களில் ஒன்று. காட்டு நகரம் என்று விளம்பரப்படுத்துகிறார்கள். நகரத்தின் மையப்பகுதி ஏற்கனவே தைல மரத் தோட்டமாக இருந்தது, ஆகவே காட்டை அழிக்கவில்லை என்பது அரசின் வாதம். அடிப்படை ஆண்டாக எதை எடுப்பது என்பதில்தான் இந்த வாதம் முழுவதும் நிற்கிறது: தைல மரம் வைப்பதற்கு முன் அங்கே இருந்தது மழைக்காடு.

செபாக்கு ஆற்றை ஒட்டி வாழும் பாலிக் பழங்குடிகள், பாலிக்பாப்பான் விரிகுடாவின் அலையாத்தி, நீள்மூக்குக் குரங்கு, ஐராவதி ஓங்கில் என்று ஆராய நிறைய இருக்கிறது. கட்டுமானத்துக்கான கல் கடலைத் தாண்டி சுலாவேசித் தீவின் பாலு பகுதிக் குன்றுகளிலிருந்தும் வருகிறது, அந்தத் தூசியும் இந்த நகரத்தின் கணக்கில் சேர வேண்டும். ஆனால் இங்கே போகிறவர்களுக்கு இன்று கிடைப்பது தொடக்கம் மட்டும்தான். வேகம் எப்படி மாறும், எத்தனை பேர் குடியேறுவார்கள் என்பதெல்லாம் இன்னும் முடிவாகவில்லை. தொலையுணர்வுப் படங்களைக் கையாளத் தெரிந்த குழுவும், இந்தோனேசிய மொழி தெரிந்த உள்ளூர் கூட்டாளிகளும் இருந்தால் தவிர நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்தக் கருவியை முதலில் எடுப்பது?

நகரத்தைப் போலவே முறையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பலரும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையிலிருந்து தொடங்குகிறார்கள். அது அனுமதி வாங்குவதற்காக, அனுமதி கேட்பவரின் செலவில் எழுதப்பட்டது. அதிலிருந்து தொடங்கினால் அதன் அத்தியாயத் தலைப்புகளே உங்கள் ஆய்வின் தலைப்புகளாகிவிடும். நான் சொல்வது, எதிர்த்தவர்களின் காகிதங்களிலிருந்து தொடங்குங்கள். தீர்ப்பாய மனுக்கள், உயர் நீதிமன்றத் தீர்ப்பு, பொதுக் கருத்துக்கேட்பில் பதிவானவை. அமராவதி விஷயத்தில் 2017இல் உலக வங்கியின் ஆய்வுக் குழுவுக்குப் போன புகாரும் அதற்கு வங்கி நிர்வாகம் எழுதிய பதிலும் பொதுவெளியில் இருக்கின்றன. எது முரண் என்பது அதில் தெரிந்த பிறகு தாக்க மதிப்பீட்டைப் படித்தால், அதில் எது சொல்லப்படவில்லை என்பது தானாகக் கண்ணில் படும்.

செயற்கைக்கோள் படம் இலவசம், நம்பகமானது. லேண்ட்சாட் படங்கள் 1972இலிருந்தே இருக்கின்றன. சென்டினல்-2 வந்த 2015க்குப் பிறகு பத்து மீட்டர் நுணுக்கத்தில் பார்க்கலாம். எந்த வயல் எந்த மாதம் தரிசானது என்பது வரை வரும். அந்த வயலில் யார் கூலிக்குப் போனார் என்பது வராது. நேர்காணல்தான் அதைத் தரும், ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும். ஒரே ஊரில் இருபது வீடுகளுக்கு மூன்று முறை போவது, இருபது ஊர்களில் அறுபது வீடுகளுக்கு ஒரு முறை போவதைவிட மேல் என்பது என் உறுதியான கருத்து. முதல் முறை எல்லோரும் சொல்வது ஊருக்குச் சொல்லும் பதில். கடன், நகை அடகு, மகள் படிப்பை நிறுத்தியது எல்லாம் அதற்கப்புறம்தான் வரும்.

சரி, எதை எடுப்பது?

தனி ஆள், தமிழ் மட்டும் தெரியும், சமூகத் தாக்கம்தான் கேள்வி என்றால் புத்ராஜெயாவும் டெங்கிலும். தெலுங்கு பேசத் தெரியும் அல்லது தெலுங்கு பேசும் ஒருவர் கூட இருக்கிறார் என்றால் தயங்காமல் அமராவதி. இந்த நான்கில் இன்று மிக அதிகம் கற்றுத்தரக்கூடியது அதுதான். நிலம் ஒன்றும் இல்லாத இருபது குடும்பங்கள், குத்தகைக்கு உழுத சில குடும்பங்கள் என்று ஆரம்பித்து, நில உரிமையாளர்களைக் கடைசியாகச் சந்தியுங்கள். சூழல்தான் கேள்வி, மூன்று வருடமாவது இருக்கிறது என்றால் நவி மும்பை. நுசந்தாராவை ஐந்தாறு வருடம் கழித்து யோசிக்கலாம்.

ஐந்தாவதாக ஒன்றும் இருக்கிறது, அதற்கு எங்கேயும் பயணம் போக வேண்டாம். 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் சென்னைக்கு அருகே 2,000 ஏக்கரில் ஒரு புதிய நகரம் அறிவிக்கப்பட்டது. மேலே சொன்ன எல்லா ஆய்வுகளிலும் கை உடைந்து நிற்கும் இடம் ஒன்றே: நகரம் வருவதற்கு முன் எப்படி இருந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நகரம் வரக்கூடிய வட்டாரத்தில் இருக்கும் ஒரு கல்லூரியோ, ஒரு வாசகர் வட்டமோகூட இதைச் செய்துவிடலாம். கோடையில் கிணறுகளில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, ஏரியின் மதகு எந்தத் தேதியில் திறக்கிறது, எந்த வயலில் என்ன பயிர், நடவுக்கும் களைக்கும் ஆண் கூலி என்ன, பெண் கூலி என்ன, வருடத்தில் எத்தனை நாள் வேலை, யார் குத்தகைக்கு உழுகிறார், வாய்வழி ஒப்பந்தம் என்றால் யார் சாட்சி, ஆடு மேயும் புறம்போக்கு எது, ஒரு அறை வீட்டுக்கு வாடகை என்ன. தேதியும் சர்வே எண்ணும் போட்டு, மக்களின் சம்மதத்தோடு, பெயர்களை மறைத்து எழுதி, இரண்டு மூன்று இடங்களில் பிரதி வைத்துவிடுங்கள். ஒரு சொர்ணவாரிப் பருவமும் ஒரு சம்பாவும் போதும். முதல் அளவைக் கல் நடப்படுவதற்குள் இது முடிந்துவிட வேண்டும்.